ஐலண்ட் அலவன்ஸும் ஒரு காது குத்தும்

நாலு வருடத்துக்கு முன்னால், ஒரு ஏப்ரல் மாதம், போர்ட் பிளேரில் புதிதாகத் தொடங்கிய தனியார் படகு கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. ஜெட்டிக்குப் பக்கத்தில் சின்ன ஆபீஸ். டிக்கெட் பதிவும் மெயில் பார்ப்பதும் என் வேலை. அதுவரை ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள் நான். சம்பளச் சீட்டு என்ற ஒன்றைக் கையில் வாங்கியதே அங்கேதான்.

என்னிடம் ஒரு குணம் உண்டு. யாராவது ஏதாவது கேட்டால் 'தெரியாது' என்று சொல்ல வாய் வராது. என் வீட்டுக்காரர் இதை வைத்தே என்னை ஓட்டுவார். கப்பல் எப்போது கிளம்பும் என்று கேப்டனுக்கே நான் சொல்லிக் கொடுப்பேனாம்.

சேர்ந்த முதல் வாரமே சென்னை ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு படிவம் வந்தது. இந்த வருடம் என்ன சேமிப்பு, எதற்கெல்லாம் வரிவிலக்கு என்று நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். நாம் எழுதியதை நம்பி மாதாமாதம் பிடிக்கும் வருமான வரியைக் குறைத்துக்கொள்வார்கள். வருடக் கடைசியில் ஆதாரம் கேட்பார்கள், காட்டாவிட்டால் மொத்தத்தையும் கடைசி இரண்டு மாதச் சம்பளத்தில் பிடிப்பார்கள். இந்தக் கடைசி விஷயம் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. படித்தேன், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் சம்பளத்தில் 'ஐலண்ட் அலவன்ஸ்' என்று ஒரு தொகை தனியாக இருந்தது. தீவில் வேலை பார்ப்பதற்கு. சம்பளத்தில் அது ஒரு பெரிய துண்டு. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. நாங்கள் குடியிருந்த குட்வில் எஸ்டேட்டில் மேல் வீட்டு அக்காவின் கணவர் நேவியில் இருந்தார். ஒரு வருடம் அவருடைய வரிக் கணக்கு எழுதும்போது நான் கூட உட்கார்ந்திருக்கிறேன். ஐலண்ட் அலவன்ஸில் இவ்வளவு வரைக்கும் வரி கிடையாது என்று அதில் போட்டிருந்தது. அதே பெயர், அதே தீவு, பிறகென்ன? என் படிவத்தில் அந்தத் தொகை முழுவதையும் வரியில்லாத கணக்கில் எழுதினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பி.காம். படித்த பெருமை சும்மா இருக்க விடுமா? என்னோடு சேர்ந்த ஐந்து பேரின் படிவத்தையும் வாங்கி, டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்களில் ஒருவர் படகின் சீனியர் மெக்கானிக். ராமநாதபுரத்துப் பக்கம் பூர்வீகம், வீடு ஒரு பகல் பஸ் பயணத்தில் இருக்கும் ரங்கத் என்ற ஊரில். வாரம் முழுக்க மரைன் ஹில்லில் ஒரு ரூமில் தங்கி வேலை பார்ப்பார், லீவு கிடைக்கும்போது மட்டும் பஸ் ஏறி ஊருக்குப் போவார். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். "நீ பாத்தா டீக் ஹை, தங்கச்சி, சரியாத்தான் இருக்கும்" என்று போட்டுவிட்டுப் போனார்.

அந்த வருடம் முழுவதும் எங்கள் ஆறு பேருக்கும் பிடித்தம் ஒன்றுமே இல்லை. ஆபீஸில் எனக்கு என்ன மரியாதை! மெக்கானிக் அண்ணன் ரங்கத்திலிருந்து ஒரு தார் வாழைப்பழமே கொண்டுவந்து கொடுத்தார். நானும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி தொடக்கத்தில் சென்னையிலிருந்து மெயில் வந்தது. அந்த விலக்கு எங்களுக்குச் செல்லாதாம். வேறு ஆதாரங்கள் இருந்தால் ஐந்து நாளைக்குள் அனுப்ப வேண்டுமாம். இல்லையென்றால் வருடம் முழுவதற்குமான வரியைப் பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் பிடிப்பார்களாம். உடனே சென்னைக் கணக்காளருக்கு போன் போட்டேன். அவர் சத்தம் போடாமல் சொன்னார்: "மேடம், அது நேவி, ராணுவம்னு யூனிஃபார்ம் போட்டவங்களுக்கு, நமக்கு இல்ல."

ஒரே வாக்கியம். அதைத்தான் ஏப்ரல் மாதத்தில் நான் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும்.

மற்ற நாலு பேருக்கும் எனக்கும் அது பணக்கஷ்டம், அவ்வளவுதான். முணுமுணுத்துக்கொண்டாவது சமாளித்துவிடலாம். மெக்கானிக் அண்ணனுக்கு அப்படியில்லை. அவருடைய கடைசிப் பெண்ணுக்கு ஆறு வயதாகியும் காது குத்தவில்லை. குலதெய்வக் கோவிலில்தான் குத்த வேண்டும், அதற்கு மெயின்லேண்ட் போக வேண்டும். ஒரு வருடம் கொரோனா வந்து கெடுத்தது, ஒரு வருடம் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. இந்த மே மாதம் எப்படியும் போவது என்று கோவிலில் நாள் குறித்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. குடும்பத்துக்கே கப்பல் டிக்கெட்டும் மற்ற செலவும் அந்த இரண்டு மாதச் சம்பளத்தை நம்பித்தான் இருந்தன. ஆபீஸில் இது எல்லோருக்கும் தெரியும், அவர் பேசுவதே அதைப் பற்றித்தான்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு இன்றும் வெட்கமான பகுதி. மெயில் வந்ததும் எல்லோரும் தப்பு சென்னையில்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கணக்காளரைத் திட்டித் தீர்த்தார்கள். ஏசி ரூமில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தீவில் இருப்பவன் கஷ்டம் என்ன தெரியும் என்றார்கள். ஒருவர் என் முகத்தைப் பார்த்து, அப்படித்தானே என்று கேட்டார். நான் 'ஆமாம்' என்றேன்.

இரண்டு நாள் அந்த 'ஆமாம்' என்னைத் தூங்க விடவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். வழக்கம்போல ஓட்டுவார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. நாளைக்கே போய்ச் சொல்லிவிடு என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை முதல் டிரிப் கிளம்புவதற்கு முன்னால் ஜெட்டிக்குப் போனேன். அண்ணன் சோப்புத்தூள் போட்டுக் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தப்பு சென்னையில் இல்லை, என்னுடையது என்று சொன்னேன். நேவிக்காரர் கணக்கைப் பார்த்து நானாகவே எழுதியது, யாரிடமும் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். தண்ணீர் தெளிவாக ஓடத் தொடங்கிய பிறகும் கழுவினார்.

"தப்பு யாரு வேணும்னாலும் பண்ணுவாங்க. அதைச் சொல்ல ரெண்டு நாளா தங்கச்சி?" என்றார். குழாயை மூடிவிட்டு, "இந்த வருசமும் இல்லைன்னு அந்தப் பிள்ளைகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றார். குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் பக்கத்தில் நின்றபடியே சென்னைக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நான் செய்ததை முழுக்கச் சொல்லி, ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். ஏப்ரலிலேயே தானும் கவனித்திருக்க வேண்டும் என்று அந்த மனிதர் பாதியைத் தன் மேல் போட்டுக்கொண்டார். இரண்டு நாளாக நாங்கள் திட்டிய மனிதர் இவர்தான். பிறகு கேட்டார்: "அவருக்குப் படிக்கிற பிள்ளைங்க எத்தனை பேர் மேடம்? ஃபீஸ் கட்டுறாரா?"

எனக்குத் தெரியவில்லை. ஒரு வருடம் பக்கத்தில் வேலை பார்த்து, அவர் படிவத்தையும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் எத்தனை என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அண்ணனே பதில் சொன்னார். மூன்று பிள்ளைகள், மூத்தவர்கள் இருவரும் தனியார் பள்ளியில் படிக்கிறார்கள். பல வருடமாக ஒரு இன்சூரன்ஸ் பாலிசியும் கட்டிக்கொண்டு வருகிறார். இதெல்லாம் அன்று எங்கள் எல்லோருக்கும் இருந்த பழைய வரி முறையில் முறையாகக் கழிக்கக்கூடியவை. ரசீது மட்டும் வேண்டும் என்றார் கணக்காளர். இல்லாததை எழுதிய நான், இருந்ததை விட்டிருக்கிறேன்!

ரசீதெல்லாம் ரங்கத் வீட்டில் இருந்தன. அண்ணி போனில், எது எது என்று எனக்குத் தெரியாது, இருக்கும் பேப்பர் எல்லாவற்றையும் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊர் வழக்கப்படி மறுநாள் காலை பஸ்ஸில் டிரைவரிடம் ஒரு பை ஏறியது. அதுதான் சென்னை கொடுத்த கடைசி நாள். வழியில் ஜாரவா காட்டைத் தாண்ட வண்டிகளைக் கூட்டமாகச் சேர்த்து அனுப்பும் கான்வாய் தாமதமாகிவிட்டதாம். பஸ் ஸ்டாண்டில் நானும் அண்ணனும் மூன்று மணி நேரம் நின்றோம். அவர் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

பஸ் வந்தது. பையை ஆபீஸ் மேஜையில் கொட்டினோம். கரண்ட் பில், எக்ஸ்ரே, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் என்று என்னென்னவோ இருந்தது. இந்தமுறை ஒவ்வொரு பேப்பரையும் அவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் பிரித்தேன். ஃபீஸ் ரசீதுகளுக்கு நடுவே ஒரு சின்ன அட்டை வந்தது. காதில் ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கர் கம்மல், பாதி தீர்ந்திருந்தது. அண்ணன் அதை எடுத்துப் பார்த்தார். "இதைத் தேடிக்கிட்டிருப்பா" என்று சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதன்பிறகு ரசீதில் இருந்த எண் எதுவும் என் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆபீஸ் மூட பத்து நிமிடம் இருக்கும்போது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பினோம்.

அவருடைய வரி பாதிக்கும் கீழே வந்தது. மீதியைப் பிடித்துக்கொண்டார்கள், அதை நான் தருகிறேன் என்று சொன்னதற்கு அண்ணன் முறைத்தார். டிக்கெட் விடும் நாளில் கேபினுக்குப் பதிலாகக் கட்டணம் குறைந்த அடித்தட்டு பங்க் படுக்கையில் ஐந்து இடம் எடுத்துக் கொடுத்தேன். மற்ற நாலு பேரிடமும் உண்மையைச் சொன்னேன். மூன்று பேர் திட்டிவிட்டு மறந்துவிட்டார்கள். ஒருவர் அந்த வேலையை விட்டுப் போகும்வரை என்னோடு பேசவில்லை, அதுவும் நியாயம்தான்.

மே மாதக் கடைசியில் மெக்கானிக் அண்ணன் குடும்பத்தோடு கப்பலில் திரும்பி வந்தார். நான் ஹார்பர் வாசலில் நின்றிருந்தேன். அந்தப் பெண் ஓடிவந்து தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினாள். இன்னும் லேசாகச் சிவந்திருந்த காதில் பொட்டுத் தங்கம் இருந்தது. தொடாதே, வலிக்கும் என்று எச்சரிக்கையும் கொடுத்தாள்.

இப்போது வரிச் சட்டம் எவ்வளவோ மாறிவிட்டது, நானும் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். இங்கேயும் ஏப்ரல் வந்தால் யாராவது ஒரு படிவத்தை நீட்டி, நீங்களே எழுதிவிடுங்கள் என்பார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, முதலில் அவர்களை உட்காரச் சொல்லி, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறேன். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் இப்போது வாய் வருகிறது. அதைக் கற்றுக்கொள்வதற்காக ஒரு குழந்தையின் காதை இன்னொரு வருடம் காக்க வைக்கப் பார்த்தேனே என்பதை மட்டும் இன்னும் மறக்க முடியவில்லை.