கால் வைக்க இடமுள்ள சொற்கள்

தையற்கடையில் அவளுக்குப் பட்டப்பெயர் தந்தி. வாய் திக்கும். 'நூல்' என்று கேட்க 'நூ, நூ' என்று நின்றுவிடுவாள். ஆனால் 'டிஸ்அப்பாய்ண்ட்மெண்ட்' என்பதை தையல் மெஷினின் மிதியை மிதித்தபடி தங்குதடையில்லாமல் சொல்வாள். "நூலு கேக்க வாய் வராது, பார்லிமெண்ட்ல பேசச் சொன்னா வெளுத்து வாங்குவா" என்பார் கட்டிங் மாஸ்டர்.

சிரிக்கிறவர்களுக்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் நீளச் சொற்களைச் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுவார். டிஸ், அப், பாய்ண்ட், மெண்ட். வீட்டில் அம்மாவின் மெஷினில் உட்கார்ந்து மிதிக்கு ஒரு துண்டாகச் சொல்லிப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முன்னால் ஒரு 'அன்', பின்னால் ஒரு 'நெஸ்' ஒட்டிய சொல்லாக அகராதியில் தேடிப் பிடித்தாள். நீளச் சொல்லில் துண்டுக்குத் துண்டு கால் வைக்க இடம் இருந்தது. பாழாய்ப்போன சின்னச் சொல்லில் எங்கே வைப்பது?

மெஷின்களைப் பழுது பார்க்க வரும் மெக்கானிக்கின் முன்னால் அவள் வாய் திறந்ததே இல்லை. ஒருநாள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவர் நேராகவே கேட்டுவிட்டார்.

"என்னைக் கட்டிக்கிறீங்களா? இஷ்டமில்லேன்னா சொல்லிடுங்க, மனசுல வச்சுக்க மாட்டேன்."

'சரி' என்றால் போதும். 'ச' வந்தது, மீதி வரவில்லை. அவர் முகம் வாடிவிட்டது.

"சொல்லச் சங்கடப்படுறீங்க. பரவால்லைங்க."

பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். அவள் கால் தானாக மிதியை அழுத்தியது.

"கன்... கிரா... ஜு... லே... ஷன்ஸ்."

அவர் திரும்பினார். "யாருக்கு?"

"உ... உ..."

அது சங்கடமில்லை, திக்கல் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. பையை இறக்கிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. இப்போதும் மெஷின் எண்ணெய் வாசனை வந்தால் அந்த மத்தியானம் அவளுக்குக் கண்முன்னே வந்து நிற்கும்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் தங்கமானவன். போனில் அவள் 'சா' என்று தொடங்கும்போதே "சாப்பிட்டேம்மா" என்று முடித்துவிடுவான். மருமகளும் அப்படித்தான். உதவி என்று நினைக்கிறார்கள், பாவம். அவர் ஒருநாளும் அவள் சொல்லைத் தான் முடித்ததில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருப்பார். ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டியோடு வந்து அவள்தான் திட்டுவாள், அதையும் திக்கித் திக்கி. அதற்கும் காத்திருப்பார்.

இப்போதெல்லாம் அவள் அதிகம் பேசுவதில்லை.