சத்தமில்லாத வாட்டர் பம்பு

காரில் சத்தம் வருகிறது என்று அஜிதா சொன்னாள். வரவில்லை என்று அவள் கணவன் அனில்குமார் சொன்னான். கொட்டாரத்து வீட்டில் அந்த மழைக்காலம் முழுக்க நடந்தது இந்த ஒரே வழக்குதான்.

"காலையில ஸ்டார்ட் பண்ணினதும் பூனக்குட்டி கத்துகது மாதிரி கீச்சு கீச்சுன்னு கேக்கு. செவியே கூசுது. உங்களுக்குக் கேக்கல்லியா?"

"எனக்கா? எனக்கா கேக்காது?" என்பான் அனில்குமார். அந்தக் கேள்வியிலேயே அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவன் ஆரல்வாய்மொழியில் காற்றாலைக் காற்றாடிகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன். கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும் உயரத்துக்கு ஏணியில் ஏறி, உச்சியிலுள்ள அறைக்குள் புகுந்து, கியர் பாக்ஸின்மேல் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, அதன் பிடியில் காதை வைப்பான். எந்த பேரிங் போகப்போகிறது என்று கேட்டுச் சொல்லிவிடுவான். 'அனிலண்ணன் செவி வச்சா போதும்' என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்லிச் சொல்லி, அவனுக்கும் அதில் ஒரு தலைக்கனம் ஏறியிருந்தது. மனிதனுக்கு ஏதாவது ஒன்றில் தலைக்கனம் வேண்டும்தானே, இவனுக்குக் காதில்.

அந்தக் காதுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. மேலே ஏறுகிற எல்லோரும் செவிப் பரிசோதனையில் தேறியாக வேண்டும் என்று கம்பெனி உத்தரவு போட்டுவிட்டது. ஏற்கெனவே தேறாத இரண்டு பேர், கீழே ஸ்டோரில் உட்கார்ந்து நட்டும் போல்டும் எடுத்துக் கொடுக்கிறார்கள். அனில்குமாரின் முறை வரும் திங்கட்கிழமை.

கார் கெட்டால் சரிசெய்துவிடலாம். ஆனால் அஜிதா சொல்கிற சத்தம் அதில் நிஜமாகவே இருந்தால், கெட்டுப்போனது கார் மட்டும் இல்லை. இது அவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் சத்தமே இல்லை என்று அப்படிச் சாதித்தான்.

காருக்கு இந்த நியாயமெல்லாம் தெரியவில்லை. வெப்பம் காட்டும் முள் மேலே மேலே ஏறியது. ரேடியேட்டர் மூடிதான் கோளாறு என்று மூடியை மாற்றினான். முள் இறங்கவில்லை. தெர்மோஸ்டாட்டை மாற்றினான். ரேடியேட்டரைக் கழற்றி, குழாயைப் பிடித்து, உள்ளே இருந்த சேற்றையெல்லாம் அலசி வெளியே விட்டான். பழைய காரானாலும் இவ்வளவு சேவை நடந்தால் கொஞ்சம் மனம் இரங்க வேண்டாமா? வீட்டுக்கு வந்து நிறுத்திய கொஞ்ச நேரத்தில் எஞ்சினுக்கு அடியில் பச்சையாக ஒரு ஈரம் மட்டும் தவறாமல் இருந்தது.

"வாட்டர் பம்பா இருக்குமோ?" என்றாள் அஜிதா.

"பம்பு போனா பேரிங் கத்தும். கத்தல்லியே."

"அதத்தான நான் ஆதியிலேந்து சொல்லுகேன்."

"ஏட்டி, நீ கிளச்சுல கால வச்சுட்டே ஓட்டுக. வண்டி சூடாவாம என்ன செய்யும்?"

பம்பைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டான், கடைசியில் பெண்டாட்டியின் காலையும்.

வியாழக்கிழமை நெய்யூரில் அஜிதாவின் சித்தி மகளுக்குக் கல்யாணம். தக்கலை தாண்டும் முன்பே முள் சிவப்பைத் தொட்டது. வண்டி ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. பட்டுப்புடவையோடு அஜிதா ரோட்டோரம் நின்றாள். அனில்குமார் டீக்கடையில் தண்ணீர் கேட்டு வாங்கி, எஞ்சின் ஆறுவதற்காகக் காத்து நின்றான். கல்யாண வண்டிகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. போன வண்டிகளிலிருந்து கை காட்டினார்கள், ஒருவரும் நிறுத்தவில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, பந்தியில் பாயசமும் முடிந்திருந்தது. அஜிதா மொய்க்கவரைக் கொடுத்துவிட்டு நேரே காரில் வந்து உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலை என்றிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டில் வைத்துக் காரைத் திறந்தான். பெல்ட்டைத் தளர்த்திவிட்டு, பம்பின் புல்லியைப் பிடித்து ஆட்டினான். ஆடும் பல்லைப்போல அது இப்படியும் அப்படியும் அசைந்தது. பம்பின் வயிற்றுக்குக் கீழே இருந்த சின்னத் துளையில் பச்சைக் கறை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"ஆட்டம் உண்டு. லீக்கும் உண்டு," என்றான்.

"சத்தம்?"

"சத்தமில்ல."

அஜிதா அவனைப் பார்த்தாள். பிறகு டார்ச்சை எடுத்துவந்து பக்கத்தில் பிடித்துக்கொண்டாள்.

பழைய பம்பு லேசில் வரவில்லை. போல்டுகள் துருவேறிக் கிடந்தன. ஸ்பேனர் வழுக்கி அவன் விரல்முட்டி தோலுரிந்தது. கூலன்ட் சட்டைக் கைக்குள் புகுந்து கக்கம் வரைக்கும் இறங்கியது. "சவம், எழவு," என்று அவன் காரையும், அதை விற்றுவிட்டு துபாய்க்குப் போனவனையும், பம்பை இந்த இடுக்கில் கொண்டு வைத்தவனையும் வரிசையாக வாழ்த்தினான். பம்பு வந்த பிறகும் அதன் கேஸ்கட் எஞ்சினை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிளேடால் சுரண்டிச் சுரண்டியே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

புதுக் கேஸ்கட்டை வைத்து, புதுப் பம்பைப் பொருத்தினான். இனிமேல்தான் தன் வித்தை என்று வேலை இடத்திலிருந்து கொண்டுவந்த சின்ன டார்க் ரெஞ்சை எடுத்தான். அதில் அளவை வைத்து இழுத்தால், போல்டு சரியாக இறுகியதும் டக்கென்று ஒரு சத்தம் கொடுக்கும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். காற்றாடியில் இறுக்கிய ஒவ்வொரு போல்டின் தலையிலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பது வழக்கம். கோடு விலகினால் போல்டு தளர்ந்துவிட்டது என்று பிறகு பார்த்தவுடன் தெரியும். அந்தப் பேனாவையும் சட்டைப்பையில் தயாராக வைத்திருந்தான்.

முதல் போல்டை இழுத்தான். டக்கென்ற சத்தத்துக்காகக் காத்தான். இன்னும் கொஞ்சம் இழுத்தான். இன்னும் கொஞ்சம். சட்டென்று கை இலகுவாகி, போல்டின் தலை மட்டும் கழன்று தரையில் உருண்டது.

"இந்த எழவு ரெஞ்சு கெட்டுக் கெடக்கு. சத்தமே குடுக்கல்ல."

அஜிதா டார்ச்சை இறக்கினாள். "குடுத்துதே. ரெண்டு மட்டம் டக்குன்னு கேட்டுது. பின்ன எதுக்கு இழுத்திய?"

அவன் ரெஞ்சைக் காதோரம் கொண்டுவந்து, கையால் மடக்கிப் பார்த்தான். விரலில் மட்டும் மெல்ல ஒரு அதிர்வு வந்தது.

"இப்ப?" என்றான்.

"கேக்கு."

மறுபடி மடக்கினான். அவள் மறுபடி தலையாட்டினாள்.

அவன் பழைய பம்பை எடுத்தான். அதன் தண்டைக் காதுக்கு நெருக்கமாகப் பிடித்துச் சுற்றினான். பேரிங் பொடிந்து கிடப்பது விரலுக்குத் தெரிந்தது, மணலை அரைப்பதுபோல நறநறத்தது. காதில் ஒன்றும் விழவில்லை. அஜிதாவோ பல் கூசி முகத்தைச் சுளித்தாள். கியர் பாக்ஸின் கனத்த முக்கலை இன்றைக்கும் அவனால் கேட்க முடியும். மெலிந்த சத்தமெல்லாம் எப்போது போயிற்று என்றுதான் தெரியவில்லை.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். தன் வேலை போவதை நினைத்துத்தான் இத்தனை நாள் பயந்திருந்தான். இப்போது வேறொரு பயம் வந்தது. மேலே எத்தனை போல்டுகளை இப்படி டக்கைத் தாண்டி இழுத்திருக்கிறானோ? எத்தனையின் தலையில் நம்பிக்கையாகக் கோடு போட்டிருக்கிறானோ? அதற்குக் கீழேதான் ஆட்கள் ஆடு மேய்க்கிறார்கள்.

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியாதா? நான் எத்தன நாளா கத்திக் கத்திப் பேசுகேன்? பக்கத்து வீட்டு பகவதியம்மாக்கா, 'உனக்கு எதுக்குட்டி இந்தத் தொண்ட, மாப்பிளகிட்ட இப்பிடியா நித்தம் சண்ட போடுவ'ன்னு கேக்கா. நாலு வீட்டுக்கு நான்தான் வாயாடி. சொன்னா நீங்க தாங்க மாட்டியன்னுதான் சொல்லல்ல."

அவனுக்குத் தன்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கிளச்சில் வைத்த காலைக் குற்றம் சொன்னதை நினைத்தபோது அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

பம்பைத் திரும்பக் கழற்றினார்கள். நல்ல வேளையாக, உடைந்த போல்டின் மிச்சம் வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, கிரிப் பிளையரால் கவ்வித் திருப்பி எடுத்தான். கேஸ்கட்டையும் போல்டையும் புதிதாகப் போட்டு மறுபடி ரெஞ்சைப் பிடித்தான்.

"நான் சொல்லுகேன், நீங்க இழுங்க," என்றாள் அஜிதா.

அவன் இழுத்தான். "போதும்," என்றாள். நிறுத்தி, கோடு போட்டான். அடுத்தது, அதற்கு எதிர்ப்பக்கம், பிறகு அதற்கடுத்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் போதும் என்ற பிறகே கோடு போட்டான்.

கூலன்ட் ஊற்றிக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. கூட வேலை பார்க்கும் சிஜின்தான். ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, நாளைக்கு டெஸ்ட்டு. நான் சொன்னது நெனவுண்டா? கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்தா டெஸ்ட்டு எடுக்குற பிள்ளைக்க கை வெளிய தெரியும். சத்தம் விடுக பட்டனுக்கு அவ கை போவும்போ நீங்களும் உங்க பட்டன அமுக்கிருங்க. எல்லாரும் அப்பிடித்தான் பாஸானோம்."

அன்று காலை வரைக்கும் அனில்குமார் அந்த யோசனையைப் பத்திரமாக வைத்திருந்தான்.

"வேண்டாம் மக்கா. கண்ண மூடிட்டுத்தான் இருப்பேன்," என்றான். "நான் இறுக்கின போல்டயெல்லாம் வேற ஆளு ஏறிப் பாக்கணும். அதையும் நாளைக்குச் சொல்லணும்."

மறுமுனையில் சிஜின் ஏதோ சொன்னான். அது சரியாகக் கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்றும் அவனுக்குத் தோன்றவில்லை. போனை வைத்தான்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தபடியே ஸ்டார்ட் செய்தான். காற்றுக் குமிழிகள் வந்து அடங்கின. முள் பாதிக்கு வந்து, அங்கேயே நின்றது. எவ்வளவு நேரம் ஓடியும் அசையவில்லை. அடியில் ஒரு சொட்டும் இல்லை. பம்பு எப்படிச் சுற்றுகிறது என்று காது கொடுத்தான். நேற்றுக் கேட்டதுதான் இன்றைக்கும் கேட்டது. அவனைப் பொறுத்தவரை எதுவுமே மாறவில்லை.

நிமிர்ந்து அஜிதாவைப் பார்த்தான். ஷெட் வாசலில் நின்றிருந்தாள். உதடு அசைந்தது.

"என்னட்டி சொன்ன?"

அவள் கிட்டே வந்தாள். அவன் காதருகே குனிந்து, தெருவுக்கெல்லாம் பழக்கமான அந்தத் தொண்டையில் சொன்னாள்:

"சத்தம் நின்னுட்டுன்னு சொன்னேன்."