சித்தி தொடாத செடி

சாரல் தென்காசிக்குள் வந்துவிட்டால் அப்பா ஆபீஸுக்குப் போகிற மனிதராகவே இருக்கமாட்டார். விடிந்தால் மொட்டைமாடி, பொழுதடைந்தால் மொட்டைமாடி. பச்சை வலைக்குக் கீழே கம்பியில் அவருடைய ஆர்க்கிட் தொட்டிகள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். புனலூர்ப் பக்கத்துச் சிநேகிதர் ஒருவரிடம் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவை. அவற்றுக்கு மண் ஆகாது. அடுப்புக்கரி, ஓட்டுத்துண்டு, ஊறவைத்த தேங்காய்க் கதம்பை நார், அவ்வளவுதான் தொட்டிக்குள். “அண்ணாச்சி, குப்பையிலயா செடி வளக்கிய?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். அப்பா பெருமையாகச் சிரிப்பார்.

அவருக்கு அடுத்தபடியாக அந்தச் செடிகளை அறிந்தவள் சித்தி, சித்தப்பாவின் மனைவி. அப்பா ஆபீஸ் போன பிறகு தண்ணீர் தெளிப்பது, இலையைத் திருப்பிப் பூச்சி பார்ப்பது எல்லாம் அவள்தான். கல்யாணமாகி வெகுநாளாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் வீட்டில் அதை யாரும் சொல்லிக்காட்டியதில்லை. ஒவ்வொரு மாதமும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு வேறு பேச்சுப் பேசுவார்கள். அதற்குப் பதில் சொல்லியே காட்டியிருக்கலாம்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், ஆடி மாதத்தில், வீடு திடீரென்று சித்தியைத் தாங்க ஆரம்பித்தது. குனியாதே, தூக்காதே, ஓடாதே. சிவகிரியிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, பை நிறைய மாங்காயோடு வந்து இறங்கினாள். சித்திக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். எந்த நாளை யார் தள்ளினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. சித்தப்பா காரணமில்லாமல் விசில் அடித்துக்கொண்டு திரிந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குற்றாலத்துக்குக் குளிக்கக் கிளம்பினார்கள். “நீ வராண்டாம். அருவி அடி தாங்கமாட்டே” என்று அத்தை சித்தியை நிறுத்திவிட்டாள். எனக்குச் சளி. நானும் நின்றேன்.

அவர்கள் போன சற்று நேரத்தில் மாடியில் சத்தம். மலைக்கணவாய் வழியாக வரும் காற்று ஒரு தொட்டியைக் கொக்கியோடு கழற்றித் தரையில் போட்டிருந்தது. அப்பா மொட்டு எப்போது விரியும் என்று பார்த்துக்கொண்டிருந்த டென்ட்ரோபியம் ஆர்க்கிட்தான். தொட்டி சுக்குநூறு. செடி வேரைக் காட்டிக்கொண்டு கிடந்தது. வெயில் வந்தால் போச்சு.

சித்தி ஓடி வந்தாள். குனிந்தாள். செடிக்குப் பக்கம் வரை போன கையை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“ஏட்டி, நீ எடு.”

“நானா? நீங்க எடுங்க சித்தி.”

“நான் இன்னைக்குத் தொடப்படாதுட்டி. தொட்டா பட்டுப்போகும். நான் சொல்லுதேன், நீ செய்யி.”

படிக்கட்டில் உட்கார்ந்து, கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு, அவள் சொன்னாள். நான் செய்தேன். வாளித் தண்ணீரில் வேரை ஊறவிட்டேன். ஒட்டியிருந்த ஓட்டுத்துண்டுகளை நகத்தால் பெயர்த்தேன். “அமுக்கிப் பாரு. குழைஞ்சா அழுகல், அதை வெட்டு. வெள்ளையா கெட்டியா இருக்கதை விட்டுரு.” பிளேடால் வெட்டினேன். நல்ல வேர் ஒன்று சடக்கென்று ஒடிந்தது. சித்தியின் கை தானாகப் பாய்ந்து வந்து, செடிக்கு ஒரு சாண் தள்ளி, காற்றில் நின்றது. “பாத்துட்டி, பாத்து” என்று தன் தொடையிலேயே அடித்துக்கொண்டாள். புதுத் தொட்டியில் கரியும் கதம்பையும் போட்டுச் செடியை நிறுத்தி, தண்டு புதையாமல், குச்சியோடு நூலால் கட்டினேன். என் விரல்களெல்லாம் கறுப்பு. இப்படி ஒரு வேலையை நான் அதுவரை செய்ததில்லை. உலகமே பார்க்கவேண்டும் போல் இருந்தது.

மாலையில் ஈரத்துண்டும் எண்ணெய் வாசமும் பழப்பைகளுமாக அவர்கள் வந்தார்கள். அப்பா நேரே மாடிக்குப் போனார். எல்லோரும் பின்னால் போனோம். தொட்டியைத் தூக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“யாரு மாத்துனது? இவ்வளவு நேர்த்தியா!”

“காத்துல விழுந்துட்டு அத்தான்” என்றாள் சித்தி. “அதான் நான் மாத்திட்டேன்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “பொய்! சித்தி தொடவே இல்ல. நான்தான் எல்லாம் செஞ்சேன்!”

“கோட்டிக்காரி, விளையாடாத” என்று அம்மா சிரித்தாள்.

“சத்தியமாம்மா. சித்தி இன்னைக்குத் தொடப்படாதாம். தொட்டா பட்டுப்போகுமாம். வேணும்னா கேளுங்க.”

யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் மாதத்தில் எந்த நாட்களில் செடியைத் தொடமாட்டார்கள் என்பது என்னைத் தவிர அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சித்தப்பா அவளுக்கென்று உரித்துக்கொண்டிருந்த ரம்புட்டான் பழத்தைத் திரும்பப் பைக்குள் போட்டார். அப்பா செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தைதான் பேசினாள்.

“எப்பம்ட்டி?”

“காலைல மதினி.”

“அப்பம் நாங்க கிளம்பையிலயே உனக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்ல என்னட்டி? நாங்க அங்கன உனக்காக வேண்டிக்கிட்டு நிக்கோம்.”

அம்மா என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய், படியிறக்கத்தில், முதுகில் ஒன்று வைத்தாள். உண்மையைச் சொன்னதற்கு அடியா என்று அழுதேன்.

இன்று என் பால்கனியிலும் தொட்டிகள் தொங்குகின்றன. வேரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் கூசிப்போகிறேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தாயிற்று. தெரியாதுதான். ஆனால் அன்று அவளுக்குக் கிடைக்க இருந்த பாராட்டை நான் பிடுங்கினேன், அது தெரிந்துதான் செய்தேன். குளித்துவிட்டு வரும்வரையாவது, அவர்கள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று அவள் நினைத்திருக்கவேண்டும். அல்லது இன்னும் ஒரு சாயங்காலம் தன்னைத் தாங்கட்டும் என்று. வீட்டில் அத்தனை பேரையும் ஏய்க்கத் துணிந்தவளுக்கு ஒரு செடியை ஏய்க்க மனம் வரவில்லை. அது பிழைக்கவேண்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பிழைத்தது. நான் சொல்லிவிட்டேன்.

அன்று விளக்கு வைத்த பிறகு, பின்கட்டில் தனிப்பாயில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தனித்தட்டு. நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

“சித்தி, அது பூத்தா நான் வச்ச செடின்னுதான சொல்லணும்?”

என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. “ஆமாட்டி. நீ வச்சதுதான்” என்று சிரித்தாள்.

கண் வீங்கியது அடுப்புப் புகையால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவளே ஒத்துக்கொண்டுவிட்டாள் என்ற சந்தோஷத்தில் குதித்துக்கொண்டு ஓடினேன், அப்பாவிடம் சொல்ல.