தாத்தா விட்டால்தான் போகும்

நான் வேலை செய்யும் கந்தோரில் எல்லாரும் என்னைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். மீசை வைத்த கிழவன் ஒருவனை மனதில் வைத்துக்கொண்டு இதை வாசிக்கத் தொடங்கியவர்கள் அந்த மீசையை இப்பொழுதே எடுத்துவிடுங்கள். எங்கள் புத்தளத்து முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. எனக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் கந்தோரில் யாராவது என்னை உம்மும்மா என்று கூப்பிட்டால் அன்றைக்கு அவருடைய தேத்தண்ணீரில் சீனி இருக்காது. ஒரு முறை குடித்தவர்கள் பிறகு அந்தச் சொல்லை என் காதுபடச் சொன்னதில்லை.

அது ஒரு உப்புக் கம்பனி. முன்னால் சின்ன முதலாளியின் அறை, பக்கத்தில் கணக்கு அறை. வெயில் கொதிக்கும் முற்றத்தைத் தாண்டினால் மூட்டைகள் அடுக்கிய ஸ்டோர். அதற்கும் அப்பால் களப்புத் தண்ணீரைப் பார்த்தபடி கேட். இவ்வளவுக்கும் நடுவில் நான். தேத்தண்ணீர் ஊற்றுவது ஒரு வேலை. துண்டுக் கடதாசி கொண்டு போவது மற்ற வேலை. கணக்கு அறையில் எழுதும் துண்டு ஸ்டோருக்குப் போக வேண்டும், ஸ்டோரில் எழுதுவது கேட்டுக்குப் போக வேண்டும். எல்லாம் என் கையால்தான் போகும்.

வெறுமனே கொண்டு போவேன் என்று நினைக்காதீர்கள். கணக்கு அறையில் இருப்பது கண்டக்குழிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண் பிள்ளை. கணக்குப் பார்ப்பதால் கணக்குப் பிள்ளை, வயதிலும் பிள்ளை. ஸ்டோரில் இருப்பவர் மன்னாரிலிருந்து சின்ன வயதில் வந்தவர். மூட்டை ஒன்று குறைந்தாலும் கூடினாலும் இரண்டு பேரும் துண்டிலேயே சண்டை பிடிப்பார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் கோபமாக எழுதிய துண்டைக் கண்டுபிடிக்க எழுத்துத் தெரிய வேண்டுமா? பேனை கடதாசியைக் கிழித்திருக்கும்.

அப்படிப்பட்ட துண்டைத் தட்டுக்கு அடியில் வைத்துவிடுவேன்.

"தம்பி, தேத்தண்ணி ஆறுது. குடிச்சிட்டு இன்னொருக்கா வாசிச்சுப் பாருங்க. அதுக்குப் பொறகும் போகணும் எண்டா கொண்டு போறன்."

குடித்த பிறகு அநேகமாக ஸ்டோர்த் தம்பியே கிழித்துப் போட்டுவிடுவார். கந்தோரில் இதை ஒரு பகிடியாகவே சொல்வார்கள்: தாத்தா விட்டால்தான் போகும்.

ஒரு நாள் சின்ன முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு, இனித் துண்டு கிடையாது, கந்தோருக்கு உள்ளேயே மெயில் போடப் போகிறோம் என்றார்.

"மெயில் எண்டா ராவைக்குப் போற ரயில் கோச்சி இல்லியா மவன்?" என்று கேட்டேன்.

"அது இல்ல தாத்தா. கொம்பியூட்டர்ல எழுதி அமுக்கினா அடுத்த அறைக்குப் போயிரும். ஒரு ஆள் நடக்கத் தேவையில்ல."

நடக்கிற அந்த ஒரு ஆள் நான்தான். அது அவருக்கும் நினைவு வந்தது. குரலைக் குறைத்துக்கொண்டு, "இந்த மாசம் ஓட்டிப் பார்ப்பம். சரி வந்தா நீங்க வீட்டுல ஆறுதலா இரிக்கலாம் தாத்தா. பெருநாளைக்கு நான் மறக்க மாட்டன்" என்றார்.

"என்ட வீட்டுல ஆறுதலா? அந்தச் சத்தத்துல பேரக்குட்டிகளே ஆறுதல் தேடிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுதுகள்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுப்படிக்குப் போய்க் கேத்தலைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன், அவ்வளவுதான். வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மகள் என்னை எழும்ப விடமாட்டாள். அதுதான் குறை. கந்தோரில் நான் வந்தால் நாலு பேர் தலை நிமிர்த்துவார்கள்.

மெயிலைப் பொருத்திப் பூட்ட ஒரு சிங்களத் தம்பி வந்தார், குருநாகல் பக்கம். நல்ல பிள்ளை. தமிழும் கொஞ்சம் வரும், தெரிந்த சொல்லையெல்லாம் வரிசையில் அடுக்கிக் கதைப்பார். சுவரெல்லாம் வயர் இழுத்தார். கணக்கு அறை அலுமாரியில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்தார். அதற்குச் சூடு ஆகாதாம். அதற்கென்றே ஒரு புது மின்விசிறி வந்தது. இத்தனை வருசம் நாங்கள் அந்த அறையில் பைல் மட்டையால்தான் விசிறிக்கொண்டோம். உப்புத் தூசி படுமே என்று நான் பெட்டிக்கு மேல் ஒரு பின்னல் துணியைப் போட்டுவிட்டேன்.

"அனே அம்மா, சூடு, சூடு!" என்று ஓடி வந்து எடுத்தார்.

என்னை அவர் அம்மா என்றுதான் கூப்பிட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அவர் ஒவ்வோர் அறையாகப் போய், துண்டு எப்படிப் போகிறது, எப்படி வருகிறது என்று விசாரித்தார். துண்டு போகிற வழியிலேயே மெயிலும் போக வேண்டுமாம். நான் தட்டோடு பின்னால் போனேன்.

ஸ்டோரில் கேட்டார். "துண்டு எல்லாம் யார் பாக்கிறது?"

"தாத்தாதான்."

"எல்லாமா?"

"ஓம், எல்லாம். தாத்தா விட்டாத்தான் போகும்."

கேட்டில் நின்றவரும் அதையே சொன்னார். கணக்குப் பிள்ளை போனில் யாரோடோ கதைத்துக்கொண்டே, "தாத்தாட்ட குடுத்தாச் சரி, தாத்தா பார்த்து அனுப்புவா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சிங்களத் தம்பி சரி என்பதற்குச் சிங்களத்தில் "ஹரி, ஹரி" என்றபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவருடைய பிளேன்டீக்கு ஒரு துண்டு இஞ்சி கூடப் போட்டேன்.

மெயில் தொடங்குகிற அன்று சின்ன முதலாளி பிஸ்மி சொல்லி முதல் மெயிலை அமுக்கினார். கை தட்டினோம். நான் பிஸ்கட் கொடுத்தேன்.

"இனி நீங்க இரிங்க தாத்தா" என்றார்.

கதவடியில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தேன். வேலை நேரத்தில் கந்தோர்க் கதிரையில் இருந்தது அதுதான் முதல் தடவை. முதுகு வலித்தது.

கொஞ்ச நேரம் எல்லாம் அமைதி. பிறகு கணக்குப் பிள்ளை யன்னலால் தலையை நீட்டினாள்.

"அண்ணே, லொறிக்குப் பாஸ் அனுப்பிட்டன்!"

முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்து, "ஒண்டும் வரல்ல!"

"அனுப்பினன் எண்டு காட்டுதே!"

"இஞ்ச வரல்ல எண்டு காட்டுதே!"

இரண்டு பேரும் யன்னலை மூடிவிட்டுத் தட்டத் தொடங்கினார்கள். கணக்குப் பிள்ளையின் விரல் போன வேகத்தைப் பார்த்தாலே என்ன எழுதுகிறாள் என்று எனக்கு விளங்கியது. தட்டுக்கு அடியில் வைக்க என் கையில்தான் ஒன்றும் இல்லை.

லொறி மூட்டை ஏற்றிக்கொண்டு பாஸ் இல்லாமல் கேட்டடியில் நின்றது. களப்புக்கு மேலே வானம் கறுத்து வந்தது. சாரதி கந்தோர் வாசலுக்கே வந்துவிட்டார். லொறியை மூடும் தறப்பாளில் ஓட்டை என்பது எல்லாருக்கும் தெரியும்.

"சேர், மழை வருது. உப்ப ஏத்தி வெச்சிட்டுக் கரைச்சுக் குடிக்கவா சொல்றீங்க?"

நான் எழும்பினேன். "ஒரு துண்டு எழுதித் தாங்க மவன், ஓடிப் போய்க் குடுத்திட்டு வாறன்."

"வேணாம் தாத்தா. இண்டைக்குத் துண்டு எழுதினா பொறகு எண்டைக்கும் துண்டுதான்" என்று சின்ன முதலாளி சிங்களத் தம்பிக்குப் போன் எடுத்தார். எல்லாருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார்.

"பிரச்சின இல்ல சேர்" என்றது போன். "மெயில் எல்லாம் பத்திரமா இரிக்கி. தாத்தா அமுக்க இல்ல. தாத்தா அமுக்கினாப் போகும்."

எல்லாருடைய முகமும் என் பக்கம் திரும்பியது.

"தாத்தா, எதத் தொட்டீங்க?" என்றார் சின்ன முதலாளி.

"கேத்தலைத்தான் தொட்டன்."

"காலையில அலுமாரியத் தொடைச்சீங்க தானே?"

"தூசியத்தான் தொடைச்சன் மவன். மெயிலத் தொடைக்கல்ல."

ஸ்டோர்த் தம்பி முற்றத்தைத் தாண்டி ஓடி வந்திருந்தார். "தாத்தா, கோவம் இருந்தாலும் பொறகு பார்ப்பம். அதை அமுக்கி விட்டிருங்க!"

மாத முடிவுக்குப் போக வேண்டியவள் இன்றைக்கே, அதுவும் பெட்டியைக் கெடுத்தவள் என்ற பெயரோடு போகப் போகிறேன் என்று நினைத்தேன். அலுமாரிக்குப் போய்க் கண்ணுக்குப்பட்ட ஒன்றை அமுக்கினேன். மின்விசிறி நின்றுவிட்டது.

அப்பொழுதுதான் கணக்குப் பிள்ளை மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று பயந்தேன். சிரித்திருக்கிறாள்.

"சேர், அவர் எங்கட தாத்தாவச் சொல்ல இல்ல. சிங்களத்துல தாத்தா எண்டா அப்பா. உங்கட வாப்பாவச் சொல்றார்!"

சிங்களம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் தமிழில் கதைக்கிற போது சிங்களம் யாருக்கு ஞாபகம் வரும்? சின்ன முதலாளி தலையில் கையை வைத்தார். தாத்தாவுடைய போன் இலக்கம் என்ன என்று சிங்களத் தம்பி அவரிடம் சிங்களத்தில் கேட்டிருக்கிறார். இவரும் அதைச் சிங்களமாகவே எடுத்துக்கொண்டு வாப்பாவின் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார். கம்பனியில் எந்த மெயிலும் பெரிய முதலாளி பார்த்து அமுக்காமல் அடுத்த அறைக்குப் போகாதபடி அந்தப் பிள்ளை பூட்டி வைத்துவிட்டார். எல்லாரும் சொன்னதை அப்படியே செய்திருக்கிறார், பாவம்.

பெரிய முதலாளி முழங்கால் வருத்தத்தால் வீட்டோடு இருப்பவர். போன் எடுத்தார்கள்.

"அந்தக் கைப்போன் சனியன் காலையில இருந்து கத்துது. அரிசிப் பெட்டிக்குள்ள போட்டு மூடிட்டன்" என்றார் வீட்டுப் போனில்.

விசயத்தைச் சொன்னதும் கேட்டார்: "நான் அமுக்காட்டி லொறி போகாதா?"

"போகாது வாப்பா."

"இரிங்க, வாறன்."

வீட்டிலிருந்தே அமுக்கலாம் என்று மகன் சொல்வதற்கு முன் போனை வைத்துவிட்டார். த்ரீவீலரில் வந்து இறங்கினார். வெள்ளைத் தொப்பி, கைத்தடி, சட்டைப் பையில் அரிசி ஒட்டிய போன். மகனுடைய கதிரையில் இருந்து போனைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இரிக்கி. கடதாசியில அடிச்சு எடுத்துக் குடுங்க."

கணக்கு அறையில் அடித்து எடுத்தார்கள். யார் கொண்டு போவது என்று ஒருவரையொருவர் பார்க்கும் போது நான் பாதி வழி போய்விட்டேன்.

லொறிப் பாஸை வாசித்து அமுக்கினார். லொறி கேட்டைத் தாண்டிப் புத்தளம் டவுன் பக்கம் திரும்பவும் முதல் துளி விழவும் சரியாக இருந்தது. அடுத்தது, கணக்குப் பிள்ளையும் ஸ்டோர்த் தம்பியும் யன்னலை மூடிவிட்டு எழுதியவை. பெரிய முதலாளி அவற்றைச் சத்தமாக வாசித்தார். 'ஸ்டோரில் ஆள் இருக்கிறாரா, உப்பு மூட்டை இருக்கிறதா?' என்று ஒன்று. 'படித்த மூளைக்குள்ளும் உப்புத்தான்' என்று ஒன்று. எழுதியவர்கள் இரண்டு பேரும் சீமெந்துத் தரையில் எதையோ தேடினார்கள்.

அவற்றை அவர் அமுக்கவில்லை. "தங்கச்சி, இதுகள் ரெண்டுக்கும் தேத்தண்ணி குடுங்க" என்று என்னிடம் சொன்னார்.

"நாளைக்கே ஆளக் கூப்பிட்டுச் சரி பண்ணிருவன் வாப்பா" என்றார் சின்ன முதலாளி.

"ஏன்? நல்லாத்தானே இரிக்கி?"

"உங்களுக்கு ஏன் கரைச்சல்? நீங்க வீட்டுல ஆறுதலா..."

"அந்த ஆறுதலை நீயே வெச்சுக்க. நான் வீட்டுல கதவு நிலை மாதிரி நிக்கிறன், ஒருத்தன் ஒண்டு கேக்கிறான் இல்ல. இஞ்ச நான் அமுக்கினா லொறி போகுது." கைத்தடியை மேசையில் வைத்தார். "நாளையில இருந்து வருவன். கடதாசியில அடிச்சுத்தான் தரணும். தங்கச்சிதான் கொண்டு வரணும். மத்தவங்க கொண்டு வந்தா மூலையெல்லாம் மடங்குது."

சின்ன முதலாளி என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். முகத்தை அப்படியே வைத்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் சிங்களத் தம்பி வந்தார். நான் அவர் முன்னால் போய் நின்று, "நான்தான் தாத்தா" என்றேன். என் முக்காட்டைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "அம்மே!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு வெட்கத்துக்கு எனக்கும் ஒரு மெயில் விலாசம் செய்து தந்தார். ஒரே பெயரில் இரண்டு பேரைப் பெட்டி ஏற்காதாம். அதனால் பெரிய முதலாளி தாத்தா, நான் தாத்தா இரண்டு.

"நான் ஏன் ரெண்டு?"

"அவர் முதல்ல வந்தது அம்மா."

அன்றைக்கு அவருடைய தேத்தண்ணீரில் சீனி போடவில்லை. முழுவதையும் குடித்துவிட்டுப் போனார்.

மாதம் முடிந்தது. சின்ன முதலாளி வீட்டைப் பற்றியும் ஆறுதலைப் பற்றியும் பிறகு வாயே திறக்கவில்லை. இப்பொழுது மெயில் அடிக்கிறார்கள், அதைக் கடதாசியில் எடுக்கிறார்கள், நான் கொண்டு போகிறேன், பெரிய முதலாளி வாசித்து அமுக்குகிறார். முன்பைவிட ஒரு நடை கூட.

ஒரு நாள் கொண்டு போன கட்டில் சிங்களத்தில் ஒன்று இருந்தது. பெரிய முதலாளி கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தார்.

"இது அந்த மெயில் பூட்டின பொடியன்ட. உங்களுக்குத்தான் வந்திரிக்கி தங்கச்சி. அண்டைக்குத் தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்திட்டீங்களாம்."

"மறக்கல்ல" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அந்தக் கடதாசியை அமுக்காமல், என் தட்டுக்கு அடியிலேயே செருகி வைத்தார்.