நோட்டு முழுக்கச் சிவப்பு இன்டு

இது நடந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு புரட்டாசி மாதத்தில். சாமைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த நேரம். நாங்கள் இருப்பது ஜவ்வாது மலையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் உள்ளே நடக்க வேண்டிய ஊர். என் மகள் அந்த வருடம்தான் மலைக்குக் கீழே உள்ள ஒரு கல்லூரியில் கணக்குப் படிப்பில் சேர்ந்திருந்தாள். விடுதியில் தங்கிப் படித்தாள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சனிக்கிழமை வருவாள், திங்கட்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய்விடுவாள்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். அதோடு நான் கொஞ்சம் பயந்த சுபாவம். கொஞ்சம் என்று நான்தான் சொல்கிறேன். என் மனைவியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். “மழ வந்தா சாமை அழுவிடும்னு பயம், வரலன்னா காஞ்சிடும்னு பயம். சும்மா தூறினாக்கூட, இது இன்னா இப்டி தூறுதுன்னு பயம். உனுக்குன்னு மேல தனியா ஒரு மானம் செஞ்சி குடுக்கணும்யா” என்பாள்.

மகளைக் கல்லூரியில் சேர்த்த அன்று பெற்றோர்களை எல்லாம் ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். அல்ஜீப்ரா பாடம் எடுக்கும் அம்மா ஒருவர் வந்து எல்லோருக்கும் இரண்டு பக்கத்தில் ஒரு தாள் கொடுத்தார். ‘இந்தப் பாடத்தின் எதிர்பார்ப்புகளும் விதிமுறைகளும்’ என்று மேலே தமிழில் போட்டிருந்தது. ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத அனுமதி இல்லை. மூன்று முறை தாமதமாக வந்தால் ஒரு நாள் வராததாகக் கணக்கு. தேர்வு தொடங்கிப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வருகிறவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. விட்ட தேர்வு மறுபடி நடத்தப்படாது. வீட்டுக் கணக்கு நோட்டு மூன்று முறை திருப்தியாக இல்லை என்றால் பெற்றோரை அழைத்து வர வேண்டும். ஒவ்வொரு உள்தேர்வுக்கு முன்பும் நோட்டைப் பெற்றோர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், கையெழுத்து இல்லாவிட்டால் அனுமதி இல்லை.

அந்த அம்மா ஒன்றும் மிரட்டவில்லை. சிரித்த முகமாகத்தான் படித்தார். ஆனால் எனக்கு ‘அனுமதி இல்லை’, ‘அனுமதி இல்லை’ என்பது மட்டும் காதில் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. நடுவில் என்னென்னவோ சொன்னார், அதெல்லாம் உள்ளே போகவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் களை எடுக்கும்போதும் ஆட்டுக்குத் தழை வெட்டும்போதும் அந்த விதிகள் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். பஸ் தாமதம் என்று கேள்விப்பட்டால், அவள் அதில் இல்லாத நாளில்கூட, எத்தனை நிமிடம் என்று விசாரிப்பேன்.

அந்தப் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை வந்தவள் நோட்டை என்னிடம் கொடுத்தாள். “திங்கக்கெழம பத்து மணிக்கு மொத டெஸ்டு பா. பாத்துட்டு கடைசி பக்கத்துல கையெழுத்து போட்டு வெய்யி” என்று சொல்லிவிட்டு அம்மாவோடு களைக்குப் போய்விட்டாள்.

நான் கையைக் கழுவித் துடைத்துவிட்டு நோட்டைத் திறந்தேன். எழுத்து முத்து முத்தாக இருந்தது. எண்களும் இங்கிலீஷ் எழுத்துகளும் நீல மையில் வரிவரியாக இறங்கி வந்தன. எனக்கு அது ஒன்றும் புரியாது என்று தெரிந்துதான் பார்த்தேன். ஆனால் ஒன்று புரிந்தது. ஒவ்வொரு கணக்கும் முடிகிற இடத்தில் சிவப்பு மையில் ஒரு இன்டு.

இன்டு என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கணக்கு சரி என்றால் டிக்கு, தப்பு என்றால் இன்டு. நான் படித்த காலத்தில் வாத்தியார் சிவப்பு மையில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு இன்டு போட்டு, பக்கத்திலேயே சரியான விடையையும் எழுதிக் கொடுப்பார். இதிலும் அப்படியேதான் இருந்தது. ஒரு இன்டு, பக்கத்தில் இரண்டு கோடு, அப்புறம் ஒரு எண். அடுத்த கணக்குக்கு ஒரு இன்டு, இரண்டு கோடு, ஒரு எண். பக்கத்தைத் திருப்பினேன். அதிலும் அப்படியே. எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று. ஒரு டிக்குகூட இல்லை. பக்கத்துக்குப் பக்கம் கீழே பச்சை மையில் ஒரு கிறுக்கல் மட்டும் இருந்தது. பார்த்து அலுத்துப்போய் அந்த அம்மா போட்ட கையெழுத்து என்று நினைத்துக்கொண்டேன்.

நோட்டை மூடி வைத்தேன். பக்கத்து ஊரில் ஒரு பெண் இப்படித்தான் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பி வந்தாள். அதன் பிறகு அவள் யாரோடும் பேசுவதில்லை. களை எடுக்கும் நிலத்துக்குப் போய்ப் பார்த்தேன். என் மகள் அம்மாவிடம் விடுதி இட்லியைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு தப்பையும் உள்ளே வைத்துக்கொண்டு எப்படிச் சிரிக்கிறாள், நமக்காகச் சிரிக்கிறாளோ என்று நினைத்தேன். கேட்டுவிடலாம் என்று இரண்டு முறை வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் உடைந்துபோவாளோ, ஏதாவது செய்துகொள்வாளோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். பெற்றோரை அழைத்து வரச் சொல்வதற்கு முன்னால் நானே போய் அந்த அம்மா காலில் விழுந்தாவது கேட்பது. அவளுக்குத் தெரியாமல், அடுத்த பஸ்ஸில். காட்டிப் பேச நோட்டு வேண்டுமே. அதை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். கையெழுத்தும் போடவில்லை. போட்டால் எல்லாம் சரி என்று ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடுமோ என்று அதற்கும் ஒரு பயம்.

திங்கட்கிழமை கிளம்பும்போது, “கையெழுத்து போட்டியா பா?” என்று கேட்டாள்.

“போட்டு பையிலயே வெச்சிட்டேம்மா. நீ போய்ட்டு வா” என்றேன்.

என் பிள்ளையிடம் நான் சொன்ன பொய் அது. அவளும் நம்பிப் போனாள்.

அடுத்த பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான். மனைவியிடம் கீழே விதை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஏறினேன். அவசரத்தில் கைப்பேசியைச் சார்ஜில் போட்டபடியே விட்டுவிட்டேன். மலை இறங்கும்போது பாதி வளைவில் பஸ் நின்றது. எதிரே ஏறி வந்த ஒரு லாரி வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, “ஒரு மணி நேரம் ஆவும் போல கீது” என்றார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நோட்டு என்னிடம் இருக்கிறது. கையெழுத்தும் இல்லை, நோட்டும் இல்லை. அவளை உள்ளே விட மாட்டார்கள். அவள் கணக்குத் தெரியாமல் தோற்கப் போகிறாள் என்று பயந்தவன், அவளைத் தேர்வே எழுத விடாமல் செய்துவிட்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினேன். வளைவுக்கு வளைவு சாலையில் போகாமல் நேராக இறங்கும் ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு, மாடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் பயன்படுத்துவது. இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தேன். முழங்கை கிழிந்தது. நோட்டை மட்டும் சட்டைக்குள் வைத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். அடிவாரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ. “அண்ணே, சீக்கிரம் போங்க, கொழந்த வெளிய நிக்கிது” என்றேன். அவர் சின்னக் குழந்தை என்று நினைத்தாரோ என்னவோ, எங்கும் நிற்காமல் கொண்டுவந்து விட்டார்.

கல்லூரிக் கடிகாரத்தில் பத்து இருபத்திரண்டு. மாடியில் அறை வாசலில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். பையைத் தரையில் கொட்டி, எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தாள். கண் சிவந்திருந்தது. வீட்டுக்கு நான்கு முறை போன் செய்திருக்கிறாள். அவள் அம்மா வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் நோட்டைக் காணவில்லை. என்னைப் பார்த்ததும் முதலில் அவளுக்குப் புரியவே இல்லை. சட்டைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தபோதுதான் புரிந்தது. “பா…” என்றாள்.

அல்ஜீப்ரா அம்மா வாசலுக்கு வந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. “அம்மா, தப்பு என்னுது. நான்தான் எடுத்தேன். ஒரு கணக்குகூட இவுளுக்கு வரலயே, எல்லாத்துக்கும் இன்டு போட்டு வெச்சிருக்கீங்களே, உங்களாண்ட கெஞ்சலாம்னுதான் கொண்டாந்தேன்” என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

“இன்டா? நான் எங்கங்க போட்டேன்?” என்றார்.

நோட்டைத் திறந்து விரல் வைத்துக் காட்டினேன். அவர் பார்த்தார். என் மகளும் பார்த்தாள். வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் குனிந்துகொண்டார்கள், சிரிப்பை அடக்க. அந்த அம்மா சிரிக்கவில்லை.

“மொதல்ல கையெழுத்துப் போடுங்க. பாப்பா உள்ள போகட்டும்” என்று பேனாவைக் கொடுத்தார்.

“பதினஞ்சு நிமிசம் தாண்டிடுச்சேம்மா. அனுமதி இல்லன்னு போட்டிருக்குதே” என்று நானே சொன்னேன். என் வாய் அப்படி. கேட்டது கிடைக்கும் நேரத்திலும் பயத்தைத்தான் பேசும்.

“அது லேட்டா வர்றவங்களுக்கு எழுதுனது. இவ ஒன்பதரைக்கே வந்து இங்க நிக்கிறா. லேட்டா வந்தது நீங்க” என்றார். பிறகு என் மகளைப் பார்த்து, “ஆனா பதினோரு மணிக்குப் பேப்பரை வாங்கிடுவேன். எல்லாருக்கும் ஒரே நேரம்தான்” என்றார்.

கையெழுத்துப் போட்டேன். அது என் கையெழுத்து மாதிரியே இல்லை. மகள் என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

அந்த அம்மா வாசலில் நின்றபடியே ஒரு கண்ணை அறைக்குள் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி எனக்குச் சொன்னார். “இது இன்டு இல்லீங்க, எக்ஸ். இங்கிலீஷ் எழுத்து. எவ்வளவுன்னு தெரியாத ஒண்ணுக்கு நாங்க வெக்கிற பேரு. கணக்க போட்டு முடிச்சா அது எவ்வளவுன்னு தெரிஞ்சிடும். இங்க பாருங்க, எக்ஸ் சமம் நாலு. இது நான் எழுதுனதே இல்ல, உங்க பொண்ணு எழுதுன விடை. என்னோடது இந்தப் பச்சை மைதான், பக்கத்துக்கு எத்தன சரின்னு போட்டிருக்கேன். நாப்பத்தொண்ணுல ரெண்டுதான் தப்பு.”

“அப்ப எதுக்கும்மா சேப்பு மையில எழுதுனா?”

அவர் மேசையிலிருந்து அந்த விதிமுறைத் தாளை எடுத்து வந்து காட்டினார். இரண்டாம் பக்கத்தில் முதல் வரி. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘திருத்துவதற்கு எளிதாக, இறுதி விடையை மாணவர்கள் சிவப்பு மையில் எழுத வேண்டும்.’ சுத்தமான தமிழில் இருந்தது. அன்றைக்கு அவர் படித்துக் காட்டியபோதும் இருந்திருக்கும். தண்டனை சொன்ன வரிகளை எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவன், அந்த ஒரு வரியைக் காதில் வாங்கவே இல்லை.

பதினோரு மணிக்கு மகள் வெளியே வந்தாள். கடைசி இரண்டு கணக்குக்கு நேரம் போதவில்லை. எதிரே இருந்த கடைக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. ஏடு கட்டுகிற வரைக்கும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைசியில், “நான் ரெண்டு நாளு வூட்லதானே பா இருந்தேன்? என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?” என்றாள்.

“நீ கஷ்டப்படுவியேன்னு…”

“நான் ஃபெயிலானாக்கூட இவ்ளோ கஷ்டப்பட்டிருக்க மாட்டேன் பா. நோட்டு காணோம்னதும், காலைல விடுதில பைய வெச்சிட்டு வந்தப்ப யாரோ வேணும்னே எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். கூட தங்கியிருக்கற பொண்ணுங்க ஒவ்வொருத்தி மேலயும் சந்தேகப்பட்டேன்.”

முழங்கையில் ரத்தம் காய்ந்திருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கழுவிவிட்டாள்.

அந்தத் தேர்வில் இருபத்தைந்துக்குப் பதினேழு வாங்கினாள். இருபத்து மூன்று வந்திருக்க வேண்டியது என்று அந்த அம்மா பின்னால் ஒரு நாள் சொன்னார். அந்த ஆறு மதிப்பெண் என்னுடையது. விட்ட தேர்வு மறுபடி இல்லை என்பது போல அதுவும் திரும்பி வரவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். “வெத வாங்கப் போறேன்னு என்னாண்டயும் பொய் சொல்லிட்டுதானே போன?” என்று மட்டும் கேட்டாள்.

இன்றைக்கும் நான் பயந்தவன்தான். அந்தச் சுபாவம் எங்கே போகும்? மகள் இப்போது மூன்றாம் வருடம் படிக்கிறாள், அவள் மலை இறங்கும்போதெல்லாம் பஸ் போய்ச் சேர்ந்ததா என்று எனக்குப் பயம்தான். ஆனால் இப்போது வாய் வரைக்கும் வருகிற கேள்வியை விழுங்குவதில்லை, அசட்டுத்தனமாகத் தோன்றினாலும் கேட்டுவிடுகிறேன். பிள்ளையிடம் கேட்காமல் பிள்ளைக்காகப் பட்ட பயம் எல்லாம் பாசம் என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன், அவள் அந்த வாசலில் பையைக் கொட்டி வைத்து நின்றதைப் பார்க்கும் வரைக்கும்.