பாதம் இல்லாத நாமம்

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சித் தெப்பக்குளத்துப் பக்கம் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். அங்கே குமாஸ்தாவாக இருந்தவருக்கும் எனக்கும் பிடித்துப்போயிருந்தது. ஆனால் அவர் வடகலை, நாங்கள் தென்கலை. எங்கள் வீட்டு நாமம் மூக்கின்மேல் பாதம் வைத்து இறங்கும். அவர்கள் நாமத்தில் பாதம் கிடையாது. ஸ்ரீரங்கத்தில் என் அப்பாவுக்கு அந்த அரை அங்குலம் காவிரியைவிட அகலம்.

அந்த வருஷம் அலுவலக விழாவில் ஒரு நகைச்சுவை நாடகம் போட்டார்கள். காதலன் சமையல்காரன் வேஷத்தில் பெண் வீட்டுக்குள் நுழைந்து, உப்புக்கும் சர்க்கரைக்கும் தடுமாறி, கடைசியில் அவள் தகப்பனாரையே சிரிக்க வைத்துவிடுவான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். இவர் மட்டும் சிரிக்காமல் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் அக்காவுக்குக் கல்யாணம். முதல் நாள் மாலை கொல்லைப்புறம் போனால், கல்யாணச் சமையலுக்கு மூட்டிய கோட்டை அடுப்புக்குப் பக்கத்தில், பாதம் வைத்த நாமத்தோடு இவர் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார்.

"என்ன இது?" என்றேன்.

"தலைமைச் சமையல்காரர் தெரிஞ்சவர். உங்கப்பாகிட்ட நல்ல பேர் வாங்கிண்டு அப்புறம் விஷயத்தைச் சொல்லலாம்னு..."

"கும்பிட்டுக் கேக்கறேன், போயிடுங்கோ."

"மத்தியானம் ரசம் நன்னா இருக்குன்னார், தெரியுமோ?" முகமெல்லாம் பூரிப்பு.

அதற்குப் பிறகு யார் உரக்கப் பேசினாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டாரின் பலகாரப் பந்தியில் இவர் சாம்பார் வாளியோடு வந்தார். நெற்றியைப் பார்த்தேன். குளித்துவிட்டு, பழக்கதோஷத்தில் தன் வீட்டு நாமத்தையே இட்டுக்கொண்டிருந்தார்! தூண் மறைவில் நின்று என் மூக்கைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். விளையாடுகிறேன் என்று நினைத்து அவரும் தன் மூக்கைத் தொட்டுச் சிரித்தார்.

சம்பந்தி இலைமேல் கையை நீட்டி மறித்தார். "நேத்து பாதம் இருந்ததே! யாருப்பா நீ?"

பந்தி நின்றது. அப்பா ஓடிவந்தார். நாடகத்தில் வேஷம் கலைகிற இந்த இடத்தில்தான் சிரிப்பில் கொட்டகை அதிர்ந்தது. இங்கே சம்பந்தி பாதி எழுந்துவிட்டார். உள்ளறை வாசலில் அக்கா, அலங்காரம் பாதியில் நிற்க, வெளிறிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். "மாமா, நான் சமையல்காரன் இல்லே. உங்க ரெண்டாவது பொண்ணோட ஆபீஸ்ல இருக்கேன். அவளைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு இந்தப் பைத்தியக்காரத்தனம் பண்ணிட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அப்பா சம்பந்தியின் முன்னால் கைகூப்பி நின்றார். அதற்குமுன் அப்பா யாரிடமும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. கடைசியில் மாப்பிள்ளைதான் வந்து, "உக்காருங்கோப்பா, முகூர்த்தம் தவறிடும்" என்றார். சம்பந்தி மெல்ல உட்கார்ந்தார்.

"வேற ஆள் பரிமாறட்டும். நீ கிளம்பு" என்றார் அப்பா. இவர் கொல்லை வழியாகவே போனார்.

மறுநாளிலிருந்து நான் வேலைக்குப் போகவில்லை. அப்பா திட்டவுமில்லை, பேசவுமில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே வேறு வரன்தான் வந்துவிட்டதோ என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். பல வாரங்கள் கழித்து, ஒரு மத்தியானம் குடையை எடுத்துக்கொண்டே கேட்டார்:

"அந்தப் பையனோட ஆம் எங்கே இருக்கு?"

"புத்தூர்ல."

மாலை திரும்பிவந்து அம்மாவிடம் சொன்னார்: "அவா அப்பாவும் தலையிலதான் அடிச்சுக்கறார். நல்ல மனுஷர்."

தை மாதம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. அக்கா வந்து எல்லா வேலையும் இழுத்துப்போட்டுச் செய்தாள். என்னிடம் மட்டும் சரியாகப் பேசவில்லை.