சூடு குறையாத கம்ப்யூட்டர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காரைக்காலில் கம்ப்யூட்டர் வைத்திருந்த கடைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்றில் நான் வேலை பார்த்தேன். விசைப்படகு எஞ்சின்களுக்கு உதிரிபாகம் விற்கும் கடை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்ததால், பில் போடவும் சரக்கு இருப்பு பார்க்கவும் முதலாளி என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார். எங்கள் தெருவில் படித்த பெண் என்றால் டீச்சராவாள், நர்ஸாவாள், இல்லாவிட்டால் கன்னியாஸ்திரி மடத்துக்குப் போவாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான். அந்த நாற்காலியை நான் லேசில் விடுவேனா?

ஆனால் கம்ப்யூட்டரே என்னை அதிலிருந்து எழுப்பிவிடும் போலிருந்தது. காலையில் போட்டால் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும். வெயில் ஏறினால் திரை அப்படியே நின்றுவிடும். எந்த விசையைத் தட்டினாலும் அசையாது. அதுவரை தட்டியதெல்லாம் போச்சு. கவுண்டரில் பட்டினச்சேரி மீனவர்கள் பில்லுக்காக நிற்பார்கள், முதலாளி என்னை முறைப்பார். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, பக்கத்து போட்டோ ஸ்டுடியோவில் படம் கழுவும் மருந்துத் தண்ணீருக்கு வைத்திருந்த தெர்மாமீட்டரை இரவல் வாங்கி, அதன் மூளையான பிராசஸர் ஓரமாகப் பிடித்துப் பார்த்தேன். பாதரசம் விறுவிறுவென்று மேலே போனது. சூடுதான் கோளாறு என்று அவரிடம் சொன்னேன்.

மெட்ராஸில் கம்ப்யூட்டர் படித்திருந்த அவருடைய அக்கா மகனுக்கு டிரங்க் கால் போனது. அவர் ஒரு கூலர் வாங்கி பஸ்ஸில் அனுப்பினார். வரிவரியாகச் சீவிய அலுமினியக் கட்டி, அதன் தலையில் ஒரு குட்டி விசிறி. பிராசஸர் மேல் அழுத்தி மாட்டிவிட்டால் சூட்டை இழுத்துக்கொள்ளுமாம். பாண்டிச்சேரியிலிருந்து மெக்கானிக் வந்து, ட்யூபிலிருந்து சூடு கடத்தும் வெள்ளைப் பசை தடவி அதை மாட்டிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் திரை நின்றது. தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் பழைய சூடுதான், ஒரு கோடு கூட இறங்கவில்லை. அடப்பாவிகளா, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று இருந்தது எனக்கு. மெக்கானிக்குக்குப் போன் போட்டார் முதலாளி. அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, போனை வைத்துவிட்டு என்னைத்தான் பார்த்தார்.

"கூலர் ஃபர்ஸ்ட் கிளாஸாம். ஆபரேட்டர் ரொம்ப வேகமா தட்டுறாங்க, அதான் தாங்கலைங்கிறாரு."

"வேகமா தட்டுனா பிராசஸர் சூடாவுமாங்க? டைப்ரைட்டர் எரிஞ்சு போனதா எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்று கடையிலிருந்த அத்தனை பேர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். "சனிக்கிழமை அக்கா மவன் வர்றான். படிச்ச புள்ள, அவன் பார்த்துக்கட்டும். நீ பழையபடி கவுண்டர்ல நட்டு போல்ட் எடுத்துக் குடும்மா."

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது இதுதான். அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. அழுதேன் என்று நினைக்காதீர்கள், கோபம்.

சனிக்கிழமை வருவதற்குள் என்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தேன். விசிறி காற்றை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று ஊதுபத்திப் புகையை வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் தள்ளியது. மேஜையைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினேன். பெட்டியைத் திறந்து போட்டு டேபிள் ஃபேனை அதன் மேலேயே திருப்பி வைத்தேன். ஒன்றுக்கும் அசைந்து கொடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை முதலாளி வழக்கம்போல திருநள்ளாறு போயிருந்தார். கம்ப்யூட்டரை ஓடவிட்டுத் திரை நிற்கும்வரை காத்திருந்தேன். நின்றதும் சுவிட்சை அணைத்துவிட்டு, என்னமோ தோன்றி, கூலரைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. கீழே பிராசஸர் ஓரத்தில் விரல் வைத்தேன், சுரீர் என்று சுட்டது. மாதாவே! அடுப்பு எரிகிறது, மேலே வைத்த பானை மட்டும் சில்லென்று இருக்கிறது. அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவில் எதுவோ சூட்டைத் தடுக்கிறது.

கூலரைக் கழற்றினேன். அடிப்பக்கம் பசையைத் துடைத்தால் வெள்ளி மாதிரிப் பளபளப்பு. நகத்தால் கீறினேன். கீழே சிவப்பு.

சிவப்பைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் கடல் காற்று எதையும் விட்டுவைக்காது. புதுத் தாழ்ப்பாளை வாங்கி அப்படியே மாட்டினால் அடுத்த மழைக்குள் செதில் செதிலாக உதிரும். அதனால் எங்கள் கடைக்கு வரும் எந்த உலோகமும் முதலில் கொல்லைக்குத்தான் போகும். சிவப்பு பிரைமர், அதன் மேல் சில்வர் பெயிண்ட். முதலாளியின் சைக்கிள் கம்பி, கேலண்டர் மாட்டும் ஆணி, ஒன்றும் தப்பியதில்லை. மெட்ராஸிலிருந்து வந்த கூலரும் தப்பவில்லை. அந்த மெக்கானிக் மகராசன் பெயிண்ட் மேலேயே பசையைத் தடவி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார், வேகமாகத் தட்டுகிறேன் என்று என்னைச் சொல்லவும் வாய் வந்திருக்கிறது!

தின்னரை ஊற்றி, பிளேடால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சுரண்டிய பெயிண்டை ஒரு காகிதத்தில் பத்திரமாக எடுத்து வைத்தேன். அலுமினியம் வெளுத்துத் தெரிந்ததும், மெக்கானிக் விட்டுப்போன ட்யூபில் மிச்சமிருந்த பசையைத் தடவி மாட்டினேன். கம்ப்யூட்டரைப் போட்டேன். கூலர் கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுத்தது, தெர்மாமீட்டரில் பாதரசம் பாதி வழியிலேயே நின்றுகொண்டது. வெயில் ஏறியது, திரை நிற்கவில்லை. பில்களை மளமளவென்று தட்டித் தள்ளினேன், வேண்டுமென்றே வேகமாக.

மத்தியானம் முதலாளி வந்தார், கூடவே பெட்டியோடு அக்கா மகன். கடையில் நல்ல கூட்டம்.

"எந்திரிம்மா. தம்பி உக்காரட்டும்."

நான் காகிதத்தை அவர் முன்னால் விரித்தேன். "இது என்னன்னு சொல்லுங்க."

"நம்ம பெயிண்ட்டு. கூலர் வந்தன்னைக்கே ரெண்டு கோட்டு அடிக்கச் சொன்னேனே. அடியில விட்டுட்டா அங்கேருந்துதான் உப்பு பூக்கும்" என்றார் பெருமையாக.

"அடியிலதாங்க சூடு ஏறணும். அங்க நீங்க பெயிண்ட் அடிச்சு அடைச்சிட்டீங்க. சுரண்டி எடுத்துட்டேன், காலையிலேருந்து நிக்காம ஓடுது. நம்பிக்கை இல்லைன்னா தொட்டுப் பாருங்க."

அக்கா மகன் குனிந்து கூலரைத் தொட்டார். காகிதத்தைப் பார்த்தார். "ஆமா மாமா" என்றார் மெதுவாக.

முதலாளி காகிதத்தை ஓரமாகத் தள்ளினார். "சரி, அதான் சரியாயிடுச்சுல்ல. தம்பி இவ்வளவு தூரம் வந்துட்டான், நீ எந்திரி."

என் குரல் வாசல் வரை கேட்டிருக்கும். "பெயிண்ட் அடிச்சது நீங்க. அதைப் பார்க்காம மாட்டினது மெக்கானிக். கண்டுபிடிச்சது நான். இதுல யாருங்க எந்திரிக்கணும்? இத்தனை பேர் முன்னாடிதானே என்னை ஆடத் தெரியாதவள்னு சொன்னீங்க, தப்பு யாரோடதுன்னு இவங்க முன்னாடியே சொல்லுங்க."

நான் நாற்காலியை விட்டு அசையவில்லை. முதலாளி திரையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பிறகு அக்கா மகன் பக்கம் திரும்பினார்.

"நீ சாப்பிட்டுட்டு சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்புப்பா."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.